உன் கார் பேட்டரி உறைந்துபோன விவரம்

கூஹ்மோ,
ஏப்ரல் 14, ஞாயிறு

அன்பு மகள் வில்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் முதலைகளைக் கணக்கெடுக்கும் அந்த வேலையில், அந்த வெயில் ஊரில், சுகமாகத்தான் இருக்கிறாய் என்று போன வாரத்துப் போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் கழுத்தெல்லாம் வெயிலில் வெந்து சிவந்து கிடக்கிறது, தொப்பி போடாமல் படகில் போகிறாய் என்று அந்தக் கழுத்தே சொல்கிறது. இங்கே ஏரி இன்னும் முழுசாக உறைந்துதான் கிடக்கிறது, ஆனால் கரையோரம் கறுத்துவிட்டது, மதியத்தில் கூரையிலிருந்து ஓயாமல் சொட்டுகிறது, அன்னங்கள் நேற்று வந்து சேர்ந்தன, நான்கு ஜோடி, ஓடை வாய்க்காலில் தண்ணீர் திறந்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு ஊரையே எழுப்புகின்றன. பக்கத்து வீட்டு யால்மரிக்கு இடுப்பு ஆபரேஷன் ஜூனில் வைத்திருக்கிறார்கள், அதுவரைக்கும் அவர் புலம்பலை நாங்கள்தான் கேட்க வேண்டும். உருளைக்கிழங்கு விதைக்கு முளைவிடப் பரப்பியாயிற்று, உன் அறையில்தான், கோபித்துக்கொள்ளாதே, அங்கேதான் வெளிச்சம் வருகிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்கு அம்மா மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவார், அதோடு நானும் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும். விஷயம் உன் காரைப் பற்றியது. பயப்படாதே, கார் நன்றாக இருக்கிறது. அதன் பேட்டரிதான் செத்துப்போனது. கொன்றது நான். அது போகட்டும், வேறு வாங்கியாயிற்று, ஆனால் அது செத்ததால் இந்த வீட்டில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அப்பா வாயால் கேட்பதற்கு முன்னால் என் கையால் எழுதிவிடுகிறேன்.

நீ செப்டம்பரில் கிளம்பினாய், அக்டோபர் இரண்டாவது வாரம் அப்பா உன் நீலக் காரைக் குளிர்காலத்துக்கு நிறுத்தினார். எப்படி நிறுத்தினார் தெரியுமா, ஒரு குழந்தையைத் தூங்கவைப்பதைப் போல. கழுவி, துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, டாங்கை நிரப்பி, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, ஏரிக்கரைக் கொட்டகையில் விறகு அடுக்குக்குப் பக்கத்தில் ஏற்றினார். அங்கே கரண்டு இல்லை என்பதால் சார்ஜரை மாட்டிவிட்டு வர வழியில்லை. அதனால் பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து வைத்து மைனஸ் ஒயரைக் கழற்றி, என் சிவப்புக் கம்பளி நூலால் அதை ஒரு ஓரமாகக் கட்டினார், தெரியாமல்கூடப் போய்த் தொட்டுவிடக் கூடாதாம். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கேட்காமலேயே பாடம் நடத்தினார். “நிறைஞ்ச பேட்டரிய நாப்பது டிகிரி குளிர் ஒண்ணும் பண்ணாது ஹெல்வி. காலிப் பேட்டரிதான் உள்ள தண்ணியா ஆகி, உறைஞ்சு, வயிறு உப்பி வெடிக்கும். ஒயரக் கழட்டிட்டா கார் அதுலேர்ந்து ஒரு சொட்டு குடிக்க முடியாது. கழட்டறப்ப மைனஸ முதல்ல கழட்டணும், மாட்டறப்ப கடைசில மாட்டணும்” என்றார். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போய் மீட்டர் வைத்துப் பார்ப்பது, பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேலே இருந்தால் விட்டுவிடுவது, கீழே போனால் கழற்றிச் சறுக்குவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்க சார்ஜ் போடுவது, இதுதான் அவர் திட்டம். முப்பத்தொரு வருஷம் காட்டில் மரம் வெட்டும் யந்திரங்களைப் பழுது பார்த்தவர் அல்லவா, அவருக்கு இதெல்லாம் மூச்சு விடுவதுபோல.

இப்போது என் பங்கு. நவம்பர் முதல் ஞாயிறு, அப்பாவும் யால்மரியும் ஏரியில் துளைபோட்டுத் தூண்டில் போடக் கிளம்பிவிட்டார்கள், அந்த வருஷத்துப் பனிக்கட்டியில் முதல் தடவை. நான் விறகு எடுக்கக் கூடையோடு கொட்டகைக்குப் போனேன். உன் கார் இருட்டில் நின்றுகொண்டிருந்தது. சும்மா கதவைத் திறந்தேன், உட்கார்ந்தேன். வில்யா, அதற்குள் உன் வாசனை அப்படியே இருந்தது. உன் உப்பு மிட்டாய் டப்பா, ஒற்றைக் கையுறை, பின்சீட்டில் மடங்கிக் கிடந்த மழைக்கோட்டு. பஸ் நிலையத்தில் உன்னிடம் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? போய்ட்டு வா, உன்னை நினைச்சுக்கிட்டு உட்கார எனக்கு நேரம் இல்ல, கிழங்கு தோண்டணும் என்றேன். நீகூடச் சிரித்தாய். பஸ் திரும்பியதும் நான் பெட்டிக்கடைப் பின்பக்கம் போய் நின்றதை அப்பாகூடப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவள் அந்தக் காரில் உட்கார்ந்து அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு எனக்கு ஒன்று தோன்றியது, இவ்வளவு மாதம் அசையாமல் நின்றால் எதுதான் கெடாது, மாட்டைக்கூடக் கட்டியே போட்டால் கால் பிடித்துக்கொள்கிறதே, வாரத்துக்கு ஒரு பத்து நிமிஷம் ஓடவிட்டால் நல்லதுதானே என்று. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன், இதை நீ நம்ப வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் கதவோரத்து ஆணியில் தொங்குகிறது, கார்ச் சாவி வீட்டு முன்னறையில் தொங்குகிறது, அப்பா சொன்ன பாடம் காதில் இருக்கிறது. ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்தேன். புகை போக இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தேன், ஒயரை மாட்டினேன், சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எழுந்துகொண்டது. ஹீட்டர் போட்டேன், ரேடியோ போட்டேன், சூடான காற்று முகத்தில் அடித்தது. அப்புறம் உன்னிடம் பேசினேன். பெரிதாக ஒன்றுமில்லை, அந்த வாரத்துச் செய்தி, யார் வீட்டில் யார், அப்பாவின் இருமல், இப்படி. பிறகு நிறுத்தி, ஒயரைக் கழற்றி, அதே மாதிரி நூலால் கட்டி, வெளியே பனியில் படிந்த கரியைத் துடைப்பத்தால் தள்ளி, கூடையில் விறகோடு வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் விடவில்லை.

உண்மை என்னவென்று இப்போது எனக்குத் தெரியும், தெரியவைத்துவிட்டார்கள். குளிரில் ஒருமுறை கிளப்ப பேட்டரி எவ்வளவு கொடுக்கிறதோ, அதைப் பத்து நிமிஷம் சும்மா நின்று ஓடும் எஞ்சின் திருப்பிக் கொடுக்காதாம், அதிலும் ஹீட்டரும் ரேடியோவும் வேறு. நான் வாராவாரம் போய்ச் சாப்பாடு ஊட்டுவதாக நினைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் எடுத்திருக்கிறேன். டிசம்பரில் அப்பா மீட்டர் வைத்தபோது பன்னிரண்டு புள்ளி மூன்று காட்டியது. வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டார், மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஜனவரியில் இன்னும் கீழே. “ஒண்ணு மீட்டர் பொய் சொல்லுது, இல்ல பேட்டரிக்கு வயசாயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே மீட்டருக்கு உள்ளே போடும் சின்ன பேட்டரியை மாற்றினார். நான் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

ஜனவரி கடைசி ஞாயிறு நான் காரில் இருக்கும்போது ஏரிப்பக்கம் யால்மரியின் நாய் குரைத்தது. துளைபோடும் கத்தி உடைந்து இரண்டு பேரும் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். எஞ்சினை அணைத்தேன், சாவியை முழுக்கத் திருப்பி எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன், ரேடியோ மெல்லிய குரலில் முனகிக்கொண்டே இருந்திருக்கும், ஒயரைக் கழற்றவும் இல்லை. கதவைச் சாத்தினேன், கூடையைத் தூக்கினேன், வாசலில் அவர்களுக்குச் சிரித்த முகத்தோடு காபி கொடுத்தேன். மறுநாள் போய்ச் சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது குளிர் மைனஸ் முப்பத்தாறு டிகிரிக்கு இறங்கியிருந்தது, நெஞ்சில் சளி, அப்பா என்னை வாசல்படி தாண்ட விடவில்லை. நானும், சத்தியமாகச் சொல்கிறேன், ஒயரை மறந்தே போனேன்.

பிப்ரவரி இருபதாம் தேதிவாக்கில் அப்பா மீட்டரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது தொப்பியைக் கழற்றாமல், பனி பூட்ஸோடு வந்து அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தார். தரையெல்லாம் தண்ணீர். எப்போதும் அப்படிச் செய்கிறவரா அவர்? “பேட்டரி உறைஞ்சு வெடிச்சுருச்சு” என்றார். “ஒயர் மாட்டியிருக்கு. சாவி உள்ளயே இருக்கு. ஹெல்வி, ஒயர நான் கழட்டினேன்ல? அக்டோபர்ல நீதான டார்ச் புடிச்ச? ஜனவரில மறுபடி கொண்டுபோய் வெச்சப்ப நான் மாட்டிட்டேனா?” என்று கேட்டார். என் முகத்தையே பார்த்துக் கேட்டார். நாற்பத்து மூன்று வருஷத்தில் நான் ஒரு பானட்டைத் திறந்து அவர் பார்த்ததில்லை, என் மேல் சந்தேகம் அவருக்கு வர வழியே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எனக்கென்ன தெரியும், காபி குடி” என்றேன்.

அன்றைக்கு வெட்கம்தான் காரணம். காரில் உட்கார்ந்து இல்லாத பெண்ணோடு பேசுகிறவள் என்று அவர் முன்னால் நிற்க எனக்கு முடியவில்லை. அதோடு அதே வாரம்தான் நீ போனில், இன்னொரு வருஷம் வேலையை நீட்டித்துக் கேட்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். நான் காரில் போய் உட்காருவது அப்பாவுக்குத் தெரிந்தால் உனக்குத் தெரியும், உனக்குத் தெரிந்தால் நீ மூட்டை கட்டிவிடுவாய் என்று பயம். சொல்லாமல் விட்ட அந்த ஒரு நாளுக்குப் பிறகு, மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது, அதற்கடுத்த நாள் அதைவிட. ஆனால் அப்பாவுக்கு உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். உன் பெரியப்பா வைனோவை நீ கடைசிக் காலத்தில் பார்க்கவில்லை. ஞாபகம் போய், கூடப் பிறந்த தம்பியையே தபால்காரர் என்று நினைத்து, இன்னிக்குத் தபால் ஏதும் உண்டா என்று கேட்டார். அப்பா அதை ஒருநாளும் பேசமாட்டார், ஆனால் மறக்கவில்லை. அடுப்புக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டினார், “அணைச்சியா?” என்று. காலையில் சவரம் செய்துகொண்டே மாதங்களைக் கடைசியிலிருந்து தலைகீழாகச் சொல்லிப் பார்த்தார், கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. நேற்று மதியம் என்ன சாப்பிட்டோம் என்று தானே சொல்லிவிட்டு, சரிதானே என்று என்னைப் பார்ப்பார். ஏரிக்குத் தனியாகப் போவதை நிறுத்தினார். எங்கள் காரை இனி நான்தான் ஓட்ட வேண்டும் என்று அதன் சாவியை என் கையில் கொடுத்தார். ஊர்ப் பனிச்சறுக்குப் பாதையைச் சீர்செய்யும் வண்டி பதினாறு வருஷமாக அவர் பொறுப்பு அல்லவா, அதன் சாவியைக் கொண்டுபோய் யால்மரியிடம் கொடுத்துவிட்டார். யால்மரி என்னிடம் வந்து, “என்னம்மா, ஒய்வாவுக்கு உடம்புக்கு ஆகலையா? இடுப்பு ஒடஞ்சவன் கிட்ட வண்டியக் குடுத்துட்டுப் போறானே” என்றார். அதற்கும் நான் எதையோ சொல்லி மழுப்பினேன். இப்படி மூன்று வாரம், வில்யா.

மார்ச் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, “வியாழக்கிழமை டவுனுக்குப் போறேன். ஞாபகப் பரீட்சைக்கு நேரம் வாங்கியிருக்கேன். தெரிஞ்சுக்கிட்டா நல்லது, இப்பவே சில ஏற்பாடு பண்ணிடலாம்” என்றார். என்ன ஏற்பாடு என்று கேட்டேன். “உனக்குத் தனியா இருக்கத் தெரியணும்ல” என்றார். நானும் கூட வருகிறேன் என்றேன். அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை, சொல்லவும் இல்லை. டவுன்வரைக்கும் காரை ஓட்ட எனக்குத் தைரியம் இல்லாததால் பஸ்ஸில் போனோம், அதில் சொல்லலாம் என்றிருந்தேன், முன் சீட்டில் தையல் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுகாதார நிலையத்தில் நடைகூடத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார், முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்து வந்த பிள்ளை மாதிரி இருந்தது பார்க்க. கதவு திறந்து ஒரு சின்ன வயது நர்ஸ் அவர் பெயரைச் சொன்னாள். அவர் எழுந்தார். நான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஒய்வா, ஒயர மாட்டினது நான்” என்றேன். “என்ன ஒயர்?” என்றார். “கார் ஒயர். மைனஸ் ஒயர். நவம்பர்லேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் போய் மாட்டி, வண்டியக் கிளப்பினேன். சாவிய உள்ள விட்டது நான். நீ கழட்டித்தான் வெச்சிருந்த, ஒரு தடவகூட மறக்கல” என்றேன். நர்ஸ் கையில் காகிதத்தோடு அப்படியே நின்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நம்பவில்லை, தன்னைத் தேற்ற நான் பொய் சொல்கிறேன் என்றே நினைத்திருக்கிறார், ஏனென்றால் உடனே கேள்வி கேட்க ஆரம்பித்தார். “எந்த ஸ்பேனர்?” “பத்து. ஆணியில தொங்குது.” “எத்தன நிமிஷம் ஓட்டின?” “பத்து.” “சும்மா நிக்க வெச்சா?” “ஆமா.” “ஹீட்டர் போட்டியா?” “போட்டேன். ரேடியோவும்.” அவ்வளவுதான். “ரேடியோவா!” என்று நடைகூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். “குளிர்ல ஒரு தடவ கிளப்பினா போறத அரமணி நேரம் ரோட்டுல ஓட்டினாக்கூட முழுசா ஏத்த முடியாது, பத்து நிமிஷம் நிக்க வெச்சு ரேடியோவா கேட்ட? புகை! கொட்டகைக் கதவத் திறந்தியா இல்லையா?” என்றார். இரண்டையும் திறந்தேன் என்றேன். “அதாச்சும் தெரிஞ்சுதே” என்று சொன்னவர், அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு மட்டும் இல்லை. நர்ஸ் கிட்டே வந்து மெதுவாக, “ஐயா, இன்னிக்கு வேண்டாம்னா வேற நாள் வெச்சுக்கலாம்” என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வந்தது வந்தாச்சும்மா, எழுதிட்டே போறேன். முடிஞ்சா இவளுக்கும் ஒரு பரீட்ச வையி” என்றார்.

முப்பதுக்கு முப்பது, வில்யா. உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று ஒரு கேள்வி உண்டாம், அதற்கு, “உறைந்த பேட்டரியை முழுசாக உருகும் வரை சார்ஜ் செய்யக் கூடாது” என்று எழுதினாராம். நர்ஸ் அதை என்னிடம் காட்டிச் சிரித்தாள்.

நான் நினைத்தேன், அதோடு எல்லாம் தீர்ந்தது என்று. திரும்பும் பஸ்ஸில் பாதி வழிவரைக்கும் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். காட்டு வளைவில் பஸ் திரும்பும்போது, திரும்பிப் பாராமலே, “மூணு வாரம். நான் காகிதம் ஒட்டறதப் பாத்துக்கிட்டே இருந்தியே” என்றார். வீட்டுக்கு வந்து காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். மறுநாள் யால்மரியிடம் போய், “ஞாபகம் எனக்கு நல்லாத்தான் இருக்கு, பொண்டாட்டிதான் சரியில்ல” என்று சொல்லிப் பாதை வண்டிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார், ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார், ஆனால் என்னிடம் சிரிக்கவில்லை. உப்பை எடு, விறகு தீரப்போகிறது, அவ்வளவுதான் பேச்சு. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

சனிக்கிழமை வழக்கம்போல நீராவிக் குளியலுக்கு சௌனா அறையைச் சூடேற்றினார். மேல் பலகையில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். ஒரு கரண்டித் தண்ணீரைக் கல் மேல் ஊற்றினார், ஆவி அடித்தது, முகம் தெரியவில்லை, அது எனக்கு வசதியாகப் போயிற்று. “ஒய்வா, நான் பண்ணினது தப்பு. பேட்டரிக்குச் சொல்லல. நீ கேட்டே, நான் தெரியாதுன்னேன், அதுக்குச் சொல்றேன்” என்றேன். அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார். அப்புறம், “தப்புதான்” என்றார். எனக்கு அந்த ஒரு சொல்லே போதும் என்றிருந்தது, வலித்தாலும் நிம்மதியாக இருந்தது. கீழே இறங்கிப்போவார் என்று நினைத்தேன், போகவில்லை. “ஒண்ணு கேக்கறேன்” என்றார். “எதுக்குத் தனியாப் போய் உட்கார்ந்த? என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?” வில்யா, எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் தூண்டிலும் மீட்டருமாக இருக்கிறார், அவருக்கு என்ன என்றுதான் நான் குளிர்காலம் முழுக்க நினைத்திருந்தேன். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மீட்டரோடு போய் ஏன் ஒரு மணிநேரம் திரும்பாமல் இருந்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

புது பேட்டரி இப்போது வீட்டுக்குள்தான் இருக்கிறது, வாசல் அறையில், குளிர்ச்சியான மூலையில், மரப்பலகை மேல். இனிமேல் ஒவ்வொரு அக்டோபரிலும் கழற்றிக் கொண்டுவந்து இங்கேதான் வைப்பாராம், “கொலகாரி வீட்டுக்குள்ளதான் இருக்கா, கண்ணு முன்னாலயே இருக்கட்டும்” என்கிறார். மாதம் ஒருமுறை சார்ஜர் போடுகிறார், முனைகளைச் சுத்தம் செய்து கொஞ்சம் வாசலின் தடவுகிறார். உன் ஊர் வெயில் பேட்டரிக்குக் குளிரைவிட மோசம் என்று உனக்கு எழுதச் சொன்னார், அங்கே ஆபீஸில் கொடுத்த வண்டியை நிழலில் நிறுத்தச் சொன்னார், இரண்டு வருஷத்துக்கு மேலான பேட்டரி என்றால் படகுத் துறைக்குப் போகும் முன் சோதிக்கச் சொன்னார், முதலைக்கு நடுவில் வண்டி கிளம்பாமல் நிற்கக் கூடாதாம்.

இன்னொன்று. நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்னொரு வருஷம் இருக்க உனக்கு விருப்பம் என்றால் இரு. நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் நீ அங்கே இருப்பதில் எனக்குச் சந்தோஷம், இரண்டும் நிஜம், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். என்னை நினைத்துத் திரும்பி வராதே, வேலை பிடிக்கவில்லை என்றால் வா. அப்பாவும் இதையே சொல்கிறார், அவர் சொல்லில் அது, “புடிச்சிருந்தா முடிச்சுட்டு வரட்டும்.”

இன்றைக்கு ஞாயிறு. யால்மரி தனியாகத்தான் ஏரிக்குப் போனார், கரைப்பக்கம் கெட்டுவிட்டது, பார்த்துப் போ என்று அப்பா கத்தி அனுப்பினார். பிறகு பிளாஸ்கில் காபியும் இரண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குப் போனோம். பேட்டரி இல்லாத கார், கிளப்ப வழியே இல்லை. நான் ஓட்டும் இடத்தில், அவர் பக்கத்து சீட்டில், முழங்கால் இடிக்கிறது என்று சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். காபி குடித்தோம். கதவு திறந்திருந்தது, ஏரி முழுக்க வெயில். அப்புறம், “இங்க உட்கார்ந்து என்ன பண்ணுவ?” என்று கேட்டார். பேசுவேன் என்றேன். “அவகிட்டயா?” அவகிட்டதான் என்றேன். தலையை ஆட்டினார். மூடி டம்ளரைத் துடைத்து பிளாஸ்கை மூடினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முன் கண்ணாடியை நேராகப் பார்த்து, யாரோ எதிரில் நிற்பதுபோல, “வில்யா, மே மாசம் ஆயில் மாத்திடறேன்” என்றார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, படகில் ஓரத்தில் உட்காராதே. கால் வைக்கும் இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உன் கூடவே இருக்கும். மாதக் கடைசிக்குள் அந்த வேலைக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, நாள் தப்பவிடாதே.

இப்படிக்கு,
உன்னோடு தினமும் பேசும் அம்மா,
ஹெல்வி